பதினாலு மஞ்ச அட்டை

இல்லண்ணே, அந்த மஞ்ச அட்டைய ரெண்டு பக்கமும் எடுக்கணும். மொத்தம் பதினாலு இருக்கு. மூணு செட். ஒண்ணு கோர்ட்டுக்கு, ஒண்ணு அவரோட வக்கீலுக்கு, ஒண்ணு எனக்கு. கொஞ்சம் கறுப்பக் கூட்டி வைங்க, பழைய எழுத்து, மங்கிப்போயிருக்கு.

அவர்னா என் வீட்டுக்காரர்தான். விவாகரத்துத் தீர்ப்பு இன்னும் வரலல்ல, அதுவரைக்கும் வீட்டுக்காரர்தானே. அவருக்கும் உங்க தொழில்தான், ஜெராக்ஸ் கடை. காலேஜ் வாசல்ல.

கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்காரு. ஒரே ஒரு மிஷினாம். ஒரு நாளைக்கு இருநூறு காப்பி ஓடுனாலே பெருசாம். வாடகை போக கையில ஒண்ணும் நிக்கலையாம், பொண்ணு படிப்புக்குக் குடுக்க வழியில்லையாம். அவர் சொல்றதப் பாத்தா நான்தான் மாசாமாசம் அவருக்கு ஏதாவது அனுப்பணும் போல. சிரிக்காதீங்கண்ணே. சரி, சிரிங்க, பரவால்ல.

ரெண்டாவதா ஒரு மிஷின் இருந்துச்சு. ஒன்பது வருஷம் ஓடுச்சு. பசங்களோட பாடநோட்டெல்லாம் அதுலதான். பில்லு கிடையாது, எல்லாம் கைக்காசு. என் வக்கீல் நோட்டீஸ் அவர் கைக்குக் கிடைச்ச வாரமே அத வித்துட்டாரு. ஆதாரம் கொண்டாங்க, ஆதாரம் கொண்டாங்கன்னு எங்க வக்கீலம்மா கேட்டுக் கேட்டு அலுத்துட்டாங்க. பேங்குக்குப் போனேன். பேப்பர் குடுக்குற கடைக்குப் போனேன். எல்லாரும் கைய விரிச்சுட்டாங்க. ரெண்டு வருஷமா நானும் பொண்ணும் எங்க அண்ணன் வீட்டு ஹால்ல படுத்துக் கிடக்குறோம். அண்ணி ஒண்ணும் சொல்லல. சொல்லாம இருக்குறதுதான் கஷ்டமா இருக்கு.

அப்புறம்தான் இந்த அட்டை ஞாபகம் வந்துச்சு. உங்களுக்கு நான் சொல்லணுமா? சர்வீஸுக்கு வர்ற மெக்கானிக், மிஷின் அதுவரைக்கும் எத்தன காப்பி எடுத்திருக்குன்னு உள்ள கவுண்டரப் பாத்து, தேதி போட்டு எழுதுவார்ல, அதுதான். அந்த நம்பர யாரும் குறைச்சுக் காட்ட முடியாதுல்ல. இப்படி ஒரு அட்டை இருக்குறதே அவருக்குத் தெரியாது. ஒரு நாளாவது அந்த மிஷினத் திறந்து பாத்திருந்தாத்தானே.

கடைசி அட்டையில கடைசி வரியப் பாருங்க. ஆமா, இருபத்தேழு லட்சத்துச் சொச்சம். வக்கீலம்மா அதப் படிச்சுட்டு ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சாங்க.

எங்கிட்ட எப்படி வந்துச்சா? கீழ இருக்குற கையெழுத்து என்னுதுதாண்ணே. அந்த மிஷின் கடையிலயே இல்ல. எங்க வீட்டுல, சமையலறைக்குப் பக்கத்து ரூம்ல இருந்துச்சு. மெக்கானிக் வந்தா நான்தான் கதவத் திறப்பேன், அட்டையையும் எங்கிட்டதான் குடுத்துட்டுப் போவாரு.

ஜெயிச்சிடுவீங்கன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. ஆனா நாளைக்கு இத நீட்டுனதும், அந்த மிஷின ஓட்டுனது யாருன்னுதான் அவரோட வக்கீல் முதல்ல கேப்பாரு. நான்தாண்ணே ஓட்டுனேன். பொண்ணு ஸ்கூலுக்குக் கிளம்புனா ஆரம்பிச்சு, அவ திரும்பி வர்ற வரைக்கும். அந்த இருபத்தேழு லட்சமும் நான் எடுத்தது. முதல் நாள் ஜட்ஜம்மா கேட்டாங்க, இத்தன வருஷம் என்ன வேலை பாத்தீங்கன்னு. வேலைக்கெல்லாம் போகலம்மா, வீட்டுல சும்மாதான் இருந்தேன்னு சொல்லிட்டேன். அவங்களும் அப்படியே எழுதிக்கிட்டாங்க. நான் பொய் சொல்லலண்ணே. அது வேலைன்னு அப்ப எனக்கே தோணல.