ரெண்டாவது கப்பு

அப்பா: தொட்டுப் பார்க்கலாமா?

மகள்: ஐயோ, தொடாதீங்கப்பா! பிளாஸ்டர் இன்னும் காயல.

அப்பா: சும்மாதான் கேட்டேன்... ரெண்டு கப்பு. எதையும் ஊத்திக் குடிக்கவும் முடியாது. இதுக்கா ரெண்டு வருஷம்?

மகள்: கப்பு மட்டும் இல்ல. மேஜை விரிப்பு நானே தைச்சது. அதுக்கு அடியில ஸ்பீக்கர் இருக்கு. சிற்பம், துணி, சத்தம் எல்லாம் சேர்ந்து ஒரே படைப்பு. என் மாஸ்டர்ஸே அதுதானே?

அப்பா: உன் பொண்ணு என்ன படிக்கிறான்னு எவனாவது கேட்டா எனக்கு மூச்சு வாங்குது. வக்கீல்னா ஒரே வார்த்தையில முடிஞ்சிடும்.

மகள்: விளையாடற நேரமா இது? இன்னும் கொஞ்ச நேரத்துல ஜூரி வந்துடும். மார்க் போடறது அவங்கதான்... எதுக்கு ஜன்னலையே எட்டி எட்டிப் பார்க்கிறீங்க?

அப்பா: கார் வெயில்ல நிக்குது.

மகள்: நிக்கட்டும். கரைஞ்சா போயிடும்?

அப்பா: ...சரி. எதுக்கு அவசரமா வரச் சொன்ன?

மகள்: கோபப்படக் கூடாது.

அப்பா: அப்ப கோபப்படற விஷயம்தான்.

மகள்: முதல்ல இதைக் கேளுங்க. ஸ்பீக்கரைப் போடறேன்.

அப்பா: ...இது நம்ம வீட்டுக் குழாயாச்சே!

மகள்: ம்.

அப்பா: அந்த ஒழுகல்... இது அடுப்பு. இது என் செருப்பு...

மகள்: பேசாதீங்க. இப்ப வரும். கப்பு வைக்கிற சத்தம்... ஒண்ணு... இன்னொண்ணு.

அப்பா: ரெண்டு கப்பு.

மகள்: சமையலறையில ஓடாத ரேடியோ இருக்குல்ல? அதுக்குள்ள ஒரு ரெக்கார்டரை ஒளிச்சு வச்சேன். ஞாயித்துக்கிழமை வரும்போதெல்லாம் பதிவானதை எடுத்துட்டு வந்துடுவேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

அப்பா: ம்.

மகள்: 'ம்'னா? திட்டிடுங்கப்பா. யாரோட சத்தம் பதிவாச்சோ அவரே நேர்ல வந்து சம்மதம் சொல்லணும்னு எங்க மேடம் காலையிலதான் சொன்னாங்க. நீங்க மாட்டேன்னா மேஜையைக் கலைச்சிடணும். பட்டம் கிடைக்காது.

அப்பா: இதுக்கு என்ன பேரு வச்சிருக்க?

மகள்: 'அம்மாவின் கப்பு'.

அப்பா: ...ஓ.

மகள்: அம்மா போய் மூணு வருஷம் ஆச்சு. இன்னும் தினம் காலையில ரெண்டு கப்பு எடுத்து வைக்கிறீங்க. மொத்தப் படைப்பும் அதுலதான் நிக்குது.

அப்பா: பேச்சே கேக்கலியே? நான் பேசியிருப்பேனே...

மகள்: குரலை எல்லாம் கம்ப்யூட்டரே தனியா பிரிச்சு எடுத்துடுச்சு. சத்தம் மட்டும் போதும்னு விட்டுட்டேன்.

அப்பா: அப்ப நீ குரலைக் கேக்கவே இல்லியா?

மகள்: நீங்க அம்மாகிட்ட ஏதாவது பேசியிருப்பீங்க. அதைப் போய் நான் கேக்கறதா?

அப்பா: ஒண்ணு கேக்கறேன். அந்த ரெக்கார்டருக்கு எத்தனை தடவை பேட்டரி மாத்தின?

மகள்: பேட்டரியா? மாத்தலியே... சத்தம் கேட்டாதான் ஓடும், அதனால தாங்குதுன்னு...

அப்பா: தாங்கும், தாங்கும்! நான் மாத்தினேன், தாங்கிச்சு.

மகள்: அப்பா!

அப்பா: தூசி தட்டறப்ப சிவப்பா ஒரு விளக்கு கண்ணுல பட்டுது. வந்த கோபத்துக்குத் தூக்கி எறிஞ்சிருப்பேன். அப்புறம், என் பொண்ணு என் பேச்சைக் கேக்க ஆசைப்படறாளேன்னு இருந்துது. நேர்ல வந்தா நீ போனைப் பார்க்கற, நான் டிவியைப் பார்க்கறேன். அதான், உன்கிட்ட சொல்ல வேண்டியதை ரேடியோகிட்ட சொல்ல ஆரம்பிச்சேன்.

மகள்: என்ன... என்ன சொன்னீங்க?

அப்பா: அதையும்தான் பிரிச்சுப் போட்டுட்டியே.

மகள்: சொல்லுங்கப்பா!

அப்பா: கண் ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறவங்க ஒருத்தங்க... காலையில வேலைக்குப் போற வழியில வீட்டுக்கு வராங்க, ஒண்ணா உட்கார்ந்து காபி குடிக்கிறோம்னு சொன்னேன். உனக்கு வருத்தம்னா ஞாயித்துக்கிழமை ஒரு வார்த்தை சொல்லு, நிறுத்திடறேன்னும் சொன்னேன். நீ வந்த. சிரிச்ச. எனக்குப் புதுச் சட்டை வேற வாங்கிட்டு வந்த. சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

மகள்: எடுத்துக்கிட்டு?

அப்பா: ...போன மாசம் கல்யாணத்தை ரெஜிஸ்டர் பண்ணிட்டோம்.

மகள்: ரெஜிஸ்டரா! என்கிட்ட கேக்காமலே...

அப்பா: கேட்டேன்மா. ரேடியோகிட்ட.

மகள்: அப்ப... கீழ கார்ல?

அப்பா: அவங்கதான். முதல்ல நீங்க போங்க, கூப்பிட்டா வரேன்னு உட்கார்ந்திருக்காங்க. நீ கூப்பிட வேண்டாம். இப்படியே போயிடறோம்.

ஆசிரியை: உள்ள வரலாமா? பக்கத்து அறையை முடிச்சிட்டாங்க, அடுத்தது நீதான். சார், உங்க பொண்ணு விஷயத்தைச் சொல்லிட்டாளா?

அப்பா: சொல்லிட்டா மேடம். எனக்குப் பூரண சம்மதம்.

ஆசிரியை: ரொம்ப நல்லது. ஆனா ஜூரி உங்களையே கேப்பாங்க. ரெண்டாவது கப்பு நிஜமாவே உங்க மனைவிக்குத்தானா சார்?

அப்பா: ...மனைவிக்குத்தான் மேடம்.

மகள்: அப்பா, வேண்டாம்.

அப்பா: நான் பொய் சொல்லலியேம்மா. நீ சும்மா இரு, உன் படிப்பு முடியட்டும்.

ஆசிரியை: என்ன நடக்குது இங்க? வெளியில காலடிச் சத்தம் கேக்குது, சீக்கிரம் சொல்லு.

மகள்: மேடம்... குரலைப் பிரிச்சு எடுத்தது கம்ப்யூட்டர் இல்ல. நான்தான். ஹெட்போன் மாட்டிக்கிட்டு, அப்பா சொன்னது அத்தனையும் கேட்டேன். பேட்டரி மாத்தறப்ப அவர் முணுமுணுத்ததைக் கேட்டேன், அந்தம்மா சிரிக்கிறதையும் கேட்டேன். கேட்டுக் கேட்டு ஒவ்வொண்ணா வெட்டினேன். வேண்டாம்னு சொல்ல வாய் வராமதான் சட்டை வாங்கிட்டுப் போனேன்... போங்கப்பா, போய் அவங்களைக் கூட்டிட்டு வாங்க. அது அவங்க கப்பு. கார் வெயில்ல நிக்குது.