ஆயிலில் ஏறிய தண்ணீர்

கரண்ட் வர நேரமாகும். கிட்ட வந்து உட்காருங்கள். இதோ உட்கார்ந்திருக்கிறாளே மோனிகா, இவள் சித்தப்பா ஆனந்தராஜுக்கு நடந்தது இது.

விளக்கு வைக்கிற நேரம். பனமலையிலிருந்து செஞ்சிக்கு வருகிற ரோடு. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. ஆனந்தராஜ் தனியாகக் குட்டியானை லோடு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால், ஏரியில் மீன் பிடிக்கிற படகின் மோட்டார், கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அதற்குள்ளே... தளக். தளக். அரைக்குடம் தண்ணீர் ஆடுகிற சத்தம்.

கடலூர் துறைமுகத்தில் வருஷக்கணக்காகப் படகு மோட்டார் பார்த்தவர் அவர். இப்போது செஞ்சியில் பட்டறை. ஆயிலில் தண்ணீர் ஏறுவது அவருக்குப் புதிதில்லை. இதைக் கொடுத்தனுப்பிய வீராசாமியின் பேச்சுதான் சரியாகப் படவில்லை. ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் வீராசாமி.

“படகு கவுந்துச்சா?”

“இல்ல.”

“அப்புறம் எப்பிடித் தண்ணி ஏறும்?”

“ஆயில மட்டும் மாத்திக் குடு. கழட்டிப் பாக்க வேணாம்.”

எப்போதும் மோட்டாரைக் கொண்டுவருவது வீராசாமியின் தம்பி தங்கராஜ். படகு ஓட்டுவதும் அவன்தான். அவனைக் காணோம். கேட்டதற்கு, ஏரியைப் பார்த்துக்கொண்டே வீராசாமி சொன்னார்: “திருப்பூர் போயிட்டான். இனிமே வரமாட்டான்.”

பட்டறையில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். பால் டீ நிறம். அளவும் கோட்டுக்கு மேலே. அடிப் போல்ட்டைத் திறந்தார். தண்ணீர் கனம், முதலில் அதுதான் வரும். வந்தது... நிற்காமல் வந்தது. அப்புறம்தான் வெளுத்த ஆயில். பச்சைச் சேற்று வாடை. கடைசியில் வழுக்கிக்கொண்டு விழுந்தது ஓர் இழை பாசி. பாசி நுழைய அந்த இன்ஜினில் வழியே கிடையாது.

வேண்டாம் என்றதாலேயே கழற்றினார். தண்ணீர் புகாமல் அடைக்கிற கேஸ்கெட் நன்றாக இருந்தது. சீல்களில் ஒரு கீறல் இல்லை. திரும்ப மாட்டிக் காற்றடித்து, மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவினார். ஒரு குமிழி கிளம்பவில்லை. தானாக ஏறவில்லை என்றால் யாரோ ஊற்றியிருக்க வேண்டும். எதை மறைக்க?

புது ஆயில் ஊற்றினார். தேன் நிறம். பட்டறையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து குச்சியை உருவினால்... பால் டீ. பூட்டு போட்டபடி இருந்தது. தரையில் ஈரம் இல்லை.

மறுபடி மாற்றினார். இந்தத் தடவை நகரவில்லை. எதிரிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஸ்டாண்டில் ஓடாமல் தொங்குகிற மோட்டாருக்குள்ளே... புளுக். தண்ணீருக்கடியில் ஒருவன் மூச்சை விடுகிற மாதிரி. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. புளுக்.

சட்டென்று ஸ்டூலை விட்டு எழுந்தார். மோட்டாரை நினைத்து இல்லை, வீராசாமியை நினைத்து. தம்பியை என்ன செய்தார் அந்த ஆள்? தங்கராஜ் நம்பருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“இன்னாண்ணா, இந்நேரத்துல?”

உயிரோடுதான் இருக்கிறான். அப்போதாவது சந்தேகம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

“உங்கண்ணன் மோட்டார்ல தண்ணி ஊத்தி என்னமோ பண்றாருடா. உன்ன வேற தொரத்தி உட்டுட்டாரு. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போ.”

“எனக்கும் ஒண்ணும் புரியலண்ணா. அழுதுகிட்டே பஸ் ஏத்தி உட்டாரு. வரேன்.”

வந்தான். வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே பட்டறைக்கு. படகில் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு அண்ணனிடம் பேசிக்கொள்கிறேன் என்று மோட்டாரை எடுத்துக்கொண்டு போனான். நடு ஏரியில் மோட்டார் நின்றது. என்னவென்று குனிந்தான். கரையில் இருந்தவர்கள் பார்த்தது அவ்வளவுதான். தண்ணீர் தெறித்த சத்தம்கூடக் கேட்கவில்லையாம்.

உடம்பைக் கரையில் கிடத்தியபோது வீராசாமி அழவில்லை. ஆனந்தராஜின் சட்டையைப் பிடித்தார்.

“எங்களப் பெத்த நைனா இந்த ஏரியில முழுகிப் போறதுக்கு முந்தியும் இதே மாதிரிதான்யா ஆயில்ல தண்ணி வந்துச்சு. அதான் இவன ஊர உட்டே அனுப்பிச்சேன். நீ ஏன்யா கூப்ட?”

ஆனந்தராஜ் அன்றோடு படகு மோட்டாரைத் தொடுவதையே விட்டுவிட்டார். பைக், ஸ்கூட்டர் மட்டும்தான்.

போன வாரம் மோனிகா தன் ஸ்கூட்டரை ஆயில் மாற்ற விட்டாள். சித்தப்பா குச்சியை உருவினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துடைத்து, மறுபடி விட்டு, உருவிப் பார்த்தார். சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“கொஞ்ச நாளைக்குக் கெணத்துப் பக்கம் போவாதம்மா.”