ஆஸ்பத்திரியைச் சுத்தி டிரைவிங் கிளாஸ்

...அதான் சொல்றேன் டீச்சர், அந்த ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு வேற வேலையே இல்ல போலிருக்கு. விட்டா வீட்டுக்கே வந்துருவாங்க... கிளட்ச்சை மெதுவா விடுங்க. மெதுவா. ம்ம், அப்படித்தான். ஸ்கூல்லதான் நீங்க டீச்சர், இந்த வண்டில நான். என்னைப் பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க. காதை மட்டும் இந்தப் பக்கம் குடுத்தா போதும்.

நான் பாட்டுக்கு நாலு பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுத்துக்கிட்டு இருந்தவ. என் மக தான், அம்மா உனக்கு அம்பது ஆகப்போகுது, ஒரு டெஸ்ட் எடுத்துக்கோன்னு நச்சரிச்சு இழுத்துட்டுப் போனா. கர்ப்பப்பை வாய்ல சின்ன பிரஷ் வச்சு எடுப்பாங்கல்ல, அது. நொடியில முடிஞ்சிருச்சு. அட, இவ்வளவுதானான்னு சிரிச்சுக்கிட்டே வந்தேன். கொஞ்ச நாள்ல போன். செல்லுல ஏதோ மாற்றம் தெரியுது, வந்து டாக்டரைப் பாருங்கன்னு... லெப்ட் இண்டிகேட்டர் போடுங்க. அது வைப்பர் டீச்சர். மழையா பெய்யுது? பரவால்ல, ஆஃப் பண்ணுங்க.

போனேன். அந்த டாக்டரம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க. இதுக்குக் கேன்சர்னு அர்த்தம் இல்லம்மா, நிறைய பேருக்கு இப்படி வரும், லென்ஸ் வச்சுப் பெருசாக்கிப் பாக்கணும், சந்தேகமா இருந்தா கடுகளவு சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவோம், இப்பவே பாத்துட்டா சுலபம், அப்படியே விட்டாத்தான் பின்னாடி சிக்கல்னு. எல்லாத்துக்கும் தலையாட்டினேன். மண்டையில ஒண்ணும் ஏறல. ஊருக்கெல்லாம் நான்தான் கத்துறவ, கண்ணாடியைப் பாருங்க, பின்னாடி என்ன வருதுன்னு தெரியாம திருப்பாதீங்கன்னு.

தேதி குடுத்தாங்க. அன்னிக்குப் பாத்து எனக்குத் தலைவலி. அடுத்த தேதிக்குக் கால்வலி. மறுபடியும் போன் பண்ணாங்க. நான் என்ன பண்ணேன்... குரலைக் கட்டையாக்கிக்கிட்டு, அவ வெளியூர் போயிருக்கா, நான் அவ அக்கா பேசுறேன்னுட்டேன். எனக்கு அக்காவே கிடையாது டீச்சர். அந்த நர்ஸம்மா என்னமோ தங்கமானவங்க. சரிங்கக்கா, தங்கச்சிய பயப்பட வேணாம்னு சொல்லுங்க, கூடவே நீங்களும் வாங்கன்னாங்க. கேட்டதும் அந்த இல்லாத அக்காவுக்கே கண்ணு கலங்கிருச்சுன்னா பாத்துக்கோங்க.

மக கிட்டயா? எல்லாம் நார்மல்னு சொல்லி வச்சிருக்கேன். வேற என்ன சொல்ல? அவ அப்பா போனதுக்கப்புறம் அவளுக்கு நான் ஒருத்திதான். அதுக்காகத்தான் போகணும். அதை நினைச்சாத்தான் போகவும் முடியல. பயம் டீச்சர். நீங்க அன்னிக்கு அந்த லாரிக்கு நேரா விட்டப்பகூட எனக்கு இப்படிப் பயம் வரல.

நேரா... இல்ல இல்ல, ரைட்ல திரும்புங்க. ஆமா, மறுபடியும் அதே ரோடுதான். திருப்பம் நல்லாப் பழகணும்ல? என்னது, அந்தப் பெரிய கேட்டா? அதேதான், அந்த ஆஸ்பத்திரி. இன்னிக்குக் காலைல வரச் சொல்லியிருக்காங்க. காலைலேர்ந்து நானும் உங்களை அதைச் சுத்திச் சுத்தித்தான் ஓட்ட வச்சிட்டிருக்கேன், என்ன புத்தியோ. நீங்க கண்டுக்காதீங்க, கடந்து போங்க... ஏன் ஸ்லோ பண்றீங்க? நான் இண்டிகேட்டர் போடச் சொல்லலையே. டீச்சர், உள்ள விடாதீங்க. டீச்சர்...

அடேங்கப்பா. சேந்த நாள்லேர்ந்து இன்னிக்குத்தான் ஒரு உதறல் இல்லாம நிறுத்தியிருக்கீங்க. ஹேண்ட் பிரேக் வேற. சாவியை எதுக்கு உங்க பைக்குள்ள போடுறீங்க, அது என் வண்டி... இந்தப் பக்கக் கதவை ஏன் தொறக்குறீங்க... பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை முறைக்கிற மாதிரி முறைக்காதீங்க.

சரி. சரிங்கறேன்ல, இறங்குறேன். கையை மட்டும் விட்டுடாதீங்க டீச்சர், விட்டா நான் ஓடிப் போயிடுவேன்.