நோட்டுக்கு அட்டை போட்ட பக்கம்

தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பியதும், விமான கம்பெனி பேட்ஜ் குத்தியிருந்த ஓர் அம்மாள் சின்ன நோட்டு ஒன்றின் அட்டையைக் கிழியாமல் பிரிக்க ஆரம்பித்தார்.

"இன்னாக்கா, பொண்ணு நோட்டைப் போய் உரிக்கிறீங்க?" என்றான் அவரோடு வேலை பார்ப்பவன்.

"பைலட் பார்த்து ஓட்டற புஸ்தகத்துல மாசாமாசம் பழைய பக்கத்தை எடுத்துட்டுப் புதுசு வைக்கறேன் இல்ல? கழிச்ச தாள் கெட்டியா இருக்கேன்னு நோட்டுக்கு அட்டை போடுவேன். காலைல பொண்ணு கேக்கறா, 'ஏம்மா, இதுல இந்த மாசத் தேதி இருக்கு?'"

"அப்போ பழைய பக்கம்?"

"ப்ளேன்ல இருக்கு. பத்தரைக்குக் கிளம்புது."

பல்லாவரம் தாண்டியதும் இருவரும் எழுந்து வாசலுக்குப் போனார்கள்.

"பயப்படாதீங்கக்கா, திரிசூலத்துல இறங்கி ஓடுனா மாத்திடலாம். இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்ல வரப்போவுதாம். இந்தப் பேஜாரே இருக்காது."

"வரட்டும்பா." மகளின் பெயர் எழுதிய லேபிளை அந்தப் பக்கத்திலிருந்து நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார். "அதுல நான் தப்புப் பண்ணா, என் பொண்ணு கண்ணுல எப்படிப் படும்?"