மெனிக்கே என்ற குதிரை

எழுத்துப் பிழைகளை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. நீங்கள் அனுப்பிய கடிதத்தில் மட்டும் மூன்று இருந்தன. சிவப்பு மையால் சுற்றி வைத்திருக்கிறேன், போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள். காணாமல் போனவர்களைத் தேட வருகிறவர்கள் முதலில் 'ர'வையும் 'ற'வையும் தேடிக்கொள்வது நல்லது.

ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வையுங்கள். கதிரையில் வைத்தால் குரல் சரியாக விழாது.

என் பெயர் தியாகராஜா. முப்பத்தொரு வருடம் கண்டியில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். பிறப்பு அத்தாட்சி, மரண அத்தாட்சி, காணி உறுதி, பொலிஸ் வாக்குமூலம் எல்லாம் தமிழிலிருந்து சிங்களத்துக்கு என் கையால் போயிருக்கின்றன. ஒரு சொல்லைப் பிழையாகப் பெயர்த்தேன் என்று ஒருவரும் முறையிட்டதில்லை. நீங்கள் கேட்க வந்திருப்பது ராஜலிங்கத்தின் கொப்பியைப் பற்றி. அதிலும் பிழை கிடையாது.

முதலில் ஹுஸைனைச் சொல்ல வேண்டும். கண்டியில் கொழும்புத் தெருவில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகன். லண்டனுக்குப் படிக்கப் போய், படிப்பை விட்டுவிட்டு, தொண்ணூற்றேழில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தான். பெட்டிக்குள் ஆங்கில விதிப் புத்தகங்கள் இரண்டும் பல முகங்கள் கொண்ட தாயக்கட்டைகளும் இருந்தன. ஆளுக்கொரு கற்பனை மனிதனைக் கடதாசியில் உருவாக்க வேண்டும். மந்திரவாதி, கள்வன், குதிரைவீரன் என்று எதுவாகவும் இருக்கலாம். பிறகு அந்த மனிதனாகவே பேசி, அரசர்களும் அரக்கர்களும் உள்ள ஒரு நாட்டில் அலைய வேண்டும். எதிரே என்ன வருகிறது என்று ஹுஸைன் சொல்வான். தப்பினோமா இல்லையா என்று தாயக்கட்டை சொல்லும். வளர்ந்த ஆண்கள் இப்படித்தான் ஞாயிறு பின்னேரங்களைப் புடவைக்கடையின் மேல்மாடியில் கழித்தார்கள்.

நான் போனது விதிகளைத் தமிழில் சொல்லிக் கொடுக்க. ஹுஸைனின் தகப்பன் எனக்குப் பழக்கம், அவர் கேட்டால் மறுக்க முடியாது. தமிழ் தேவைப்பட்டது ராஜலிங்கத்துக்காக. ஹுஸைனின் தாய் வீடு நாவலப்பிட்டி, சிறு வயதில் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தார்களாம். ராஜலிங்கத்தின் தகப்பன் ரயில் கேட் காவல்காரனாக இருந்து செத்தவர். இவன் பல்லேகலயில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்க்கிறவன், வயது இருபத்துநாலு. யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில், இந்த மலையகத்து ஆட்களைச் சொல்ல ஒரு சொல் உண்டு. நான் அதைப் பாவிப்பதில்லை, நினைப்பதோடு சரி.

அவன் தன் குதிரைவீரனை உருவாக்கிய பின்னேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பலம், அறிவு, துணிவு, வாக்குத் தவறாமை என்று குணங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் உருட்டிய எண்களை விரும்பியபடி பங்கிடலாம். மூளையுள்ளவன் பெரிய எண்ணைப் பலத்தில் போடுவான். இவன் பதினேழை வாக்குத் தவறாமையில் போட்டான். அறிவுக்கு ஏழு. அந்த ஒன்றையாவது உண்மையாகப் போட்டானே என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஆயுதமும் கவசமும் வாங்கப் புள்ளிகள் கொடுக்கப்பட்டன. அவன் முக்கால்வாசியைக் குதிரைக்கே கொடுத்தான். நெஞ்சுக்கவசம், முழங்கால் தகடு, கண்மறைப்பு எல்லாம் குதிரைக்கு.

"ஒனக்குத் தலக்கவசம் வேணாமாடா?" என்று ஹுஸைன் சிரித்தான்.

"எனக்கு அடிபட்டா நான் சொல்லுவேன். அது வாயில்லாத சீவன், யார்கிட்ட போய்ச் சொல்லும்?" என்றான் ராஜலிங்கம்.

இல்லாத குதிரை. அதற்கு மெனிக்கே என்று பெயர் வைத்தான். தகப்பன் கேட்டை மூடிவிட்டுப் பச்சைக்கொடி காட்டிய உடரட்ட மெனிக்கே ரயிலின் பெயர்; சிங்களத்தில் மலைநாட்டுப் பெண் என்று பொருள். ஒற்றை ரூல் கொப்பி ஒன்றில் எல்லாவற்றையும் எழுதினான். குதிரையின் படம், அது தின்னும் கொள்ளின் அளவு, தான் எடுத்த சபதங்கள். 'குதிரை'யை ஒவ்வொரு முறையும் 'குதிறை' என்றே எழுதினான். நான் திருத்தினால், "சரிங்கண்ணே" என்பான். அடுத்த பக்கத்தில் மறுபடியும் குதிறை.

நானும் ஒரு ஆளை உருவாக்கினேன். மந்திரவாதி, அறிவு பதினெட்டு.

ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில், விளையாட்டில் ஒரு கோட்டைக்குள் நாங்கள் மூவரும் மாட்டிக்கொண்டோம். ஹுஸைன் நடத்தியபடியே ஒரு கள்வனாகவும் ஆடுவான். அந்தக் கோட்டையின் வரைபடம் அவன் போட்டது. அவனுக்கு வேறெதுவும் வரையத் தெரியாததால் கண்டியையே வரைந்திருந்தான். ஒரு ஏரி, ஏரிக்கரையில் ஒரு மாளிகை, பின்னால் மலை. ராஜலிங்கம் அதைத் தன் கொப்பியில் கொப்பியடித்து, காவலர் மாறும் நேரங்களையும் குறித்துக்கொண்டான். என் திட்டம் தெளிவாக இருந்தது: கள்வனை வாசலில் விட்டுக் காவலரை மறித்துவைத்தால் மற்ற இருவரும் தப்பலாம். தாயக்கட்டை எனக்குச் சதி செய்தது. வாசலில் அகப்பட்டவன் நான்தான்.

வெளியே போய்விட்ட ராஜலிங்கம் குதிரையைத் திருப்பினான். அவனுக்கு உயிர்ப்புள்ளி நாலுதான் மிச்சம். ஹுஸைன் வேண்டாம் என்று சொல்லியும் திருப்பினான். கதிரையிலிருந்து எழும்பி, மேசைக்கு மேலாக என் பக்கம் கையை நீட்டினான்.

"ஏறுங்கண்ணே. நான் இருக்கேன்ல."

தாயக்கட்டையில் இருபது விழுந்தது. கீழே கடையில் துணி அளந்துகொண்டிருந்தவர்கள்கூட மேலே எட்டிப் பார்க்குமளவுக்கு ஹுஸைன் கத்தினான். நான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் விதிப்படி நான் காப்பாற்றப்பட்டேன். ஒரு கேட் காவல்காரனின் மகன், இல்லாத குதிரையில், என்னைக் காப்பாற்றிவிட்டான். பஸ் நிலையம்வரை நடந்து வரும்போதும் அதையே பேசிக்கொண்டு வந்தான். "பயந்துட்டீங்களாண்ணே?" என்று கேட்டான்.

மார்கழியில் ஹுஸைன் பெட்டியோடு லண்டன் திரும்பினான். தை மாதக் கடைசியில் உண்மையான மாளிகை வாசலில், புத்தரின் பல்லை வைத்திருக்கும் கோயிலில், குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு கண்டியில் தமிழனாக இருப்பது எப்படியிருந்தது என்பதை உங்கள் வயதுக்கு நான் விளக்க முடியாது. எண்பத்துமூன்று கலவரத்தில் நான் கொழும்பில் இருந்தேன். பஸ்ஸை மறித்து, வாளிக்குச் சிங்களச் சொல் என்ன என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். நான் பிழையின்றிச் சொன்னேன். பக்கத்து இருக்கைக்காரருக்கு வரவில்லை, இறக்கிக்கொண்டு போனார்கள். கொழும்பில் பதினைந்து வருடம் இருந்தவராம். பதினைந்து வருடத்தில் ஒரு சொல்லைப் படிக்க முடியாதா என்றுதான் நான் அன்றைக்கும் நினைத்தேன்.

மாசி மாதம் ஒரு காலையில் ஒரு விசாரணைப் பிரிவிலிருந்து வாகனம் அனுப்பிக் கூப்பிட்டார்கள். எந்தப் பிரிவு என்பது உங்கள் கோப்பிலேயே இருக்கும். இன்ஸ்பெக்டர் ஒரு ஒற்றை ரூல் கொப்பியை என் முன் வைத்தார். குட்ஷெட் பஸ் நிலையத்தில் நாவலப்பிட்டி பஸ்ஸிலிருந்து இறக்கிய ஒருவனிடம் எடுத்ததாம். முதல் பக்கத்தைத் திறந்ததும் குதிறை.

அந்தக் கணத்தில் நான் ஒன்றும் முடிவுசெய்யவில்லை. என் வேலை மொழிபெயர்ப்பது. பேனையைத் திறந்து மொழிபெயர்த்தேன்.

'தோழரைக் கைவிடமாட்டேன்.' அப்படியே பெயர்த்தேன். 'பிடிபட்டால் தோழர்களின் பெயரைச் சொல்லமாட்டேன்.' அப்படியே. 'மாளிகையின் பின்வாசலில் காவல் மாறுவது மாலை ஆறு மணிக்கு.' அப்படியே. 'மெனிக்கே என்னைச் சுமந்து போவாள். மெனிக்கே இல்லாமல் எங்கும் போகமாட்டேன்.' இன்ஸ்பெக்டர் அந்த இடத்தில் விரலை வைத்து, "இந்தச் சிங்களப் பொம்பிளை யார்?" என்று கேட்டார். கொப்பியில் அவளுடைய விலாசம் இல்லை என்றேன். இல்லைதானே? குதிரையின் படம் இருந்த பக்கம் கிழிந்து போயிருந்தது. நான் கிழிக்கவில்லை.

ஒரு சொல்லில் மட்டும் நான் சற்று நின்றேன். ஒரு ஆள் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதற்கு விதிப் புத்தகத்தில் இருந்த ஆங்கிலச் சொல்லுக்கு, ஹுஸைன் கேட்டபோது நான்தான் 'இயக்கம்' என்று தமிழ் கொடுத்தேன். அகராதிப்படி சரி. ராஜலிங்கம் எழுதியிருந்தான்: 'எனது இயக்கம், மெனிக்கேயோடு 24, தனியே 12.' சிங்களத்தில் இதற்கு இரண்டு சொல் உண்டு. சலனய என்றால் அசைவு. சங்விதானய என்றால் ஆட்கள் சேர்ந்த அமைப்பு. அந்த வருடம் கண்டித் தெருவில் எந்தத் தமிழனை நிறுத்தி இயக்கம் என்றால் என்ன என்று கேட்டாலும் எதைச் சொல்லியிருப்பான்? குண்டு வைத்தவர்களைத்தான். வழக்கில் உள்ள பொருளைத்தான் மொழிபெயர்ப்பாளன் எடுக்க வேண்டும். நான் சங்விதானய என்று எழுதினேன். பன்னிரண்டும் இருபத்துநாலும் ஆட்தொகை ஆகின.

பின்னேரம் அவனைக் கொண்டுவந்தார்கள். ஒரு காலை இழுத்து நடந்தான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. அவனுக்குச் சிங்களம் தெரியும், நாவலப்பிட்டியில் பிறந்தவன். அது விளையாட்டு, மெனிக்கே ஒரு குதிரை என்று காலையிலிருந்து சிங்களத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தானாம். நம்பத்தான் ஒருவரும் இல்லை. இன்ஸ்பெக்டர் முட்டாள்தான், ஆனால் கெட்ட முட்டாள் அல்ல. என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நீங்கள் படித்த மனிதர். உங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு விளையாட்டு இருக்கிறதா?"

உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அதை எப்படித் தெரியும் என்றும் சொல்ல வேண்டும். ஒன்பது மாதம், ஞாயிறுதோறும், அந்தச் சபதங்களை எழுதியவனோடு ஒரே மேசையில் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். நாற்பத்தாறு வயதில், யாழ்ப்பாண விலாசம் போட்ட அடையாள அட்டையோடு.

"அப்படி ஒரு விளையாட்டை நான் கேள்விப்பட்டதில்லை" என்றேன்.

இதுதான் நீங்கள் தேடி வந்த வாக்கியம். சிங்களத்தில் அதில் இலக்கணப் பிழையும் கிடையாது.

ராஜலிங்கம் என்னைப் பார்த்தான். ஒரு வாக்கியம் அவனும் சொல்லியிருக்கலாம்: இந்த ஐயாவும் எங்களோடு விளையாடினவர்தான். சொல்லியிருந்தால் பக்கத்துக் கதிரையில் என்னையும் இருத்தியிருப்பார்கள். இன்ஸ்பெக்டர் அவனிடம், "உன் தோழர்கள் யார்?" என்று கேட்டார். திரும்பவும் கேட்டார். பிறகு வேறு ஒருவர் வேறு விதமாகக் கேட்டார். நான் அந்த அறையிலேயே இருந்தேன், தமிழில் ஏதாவது பேசினால் மொழிபெயர்க்க வேண்டுமே. மொழிபெயர்க்க ஒன்றும் வரவில்லை. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். குதிரையும் இல்லை, கவசமும் இல்லை, கடதாசியில் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அறிவு ஏழு என்றால் இதுதான்.

ஐந்து மாதம் அங்கே வைத்திருந்தார்கள். பிறகு வேறிடத்துக்கு மாற்றியதாகச் சொன்னார்கள். மாற்றிய இடத்தில், அப்படி ஒருவர் வந்து சேரவில்லை என்றார்கள். உங்கள் கோப்பு அங்கே முடிகிறது.

அவனுடைய தாய் வடிவம்மா அடுத்த வருடம் என்னைத் தேடி வந்தாள். நான்தான் மொழிபெயர்த்தேன் என்று தெரிந்து வரவில்லை. கண்டியில் மனு எழுதினால் தியாகராஜா ஐயாதான் எழுத வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்க எழுதுனா பெரியவங்க படிப்பாங்களாம், ஐயா. எம்புள்ள ஒரு தப்பும் செய்யாதுங்க. குதிரப் படம் போடும், அதுகூடப் பேசிக்கிட்டு இருக்கும். அவ்வளவுதாங்க. அதையும் எழுதுங்க."

பதினொரு மனுக்கள் எழுதிக் கொடுத்தேன், பன்னிரண்டு வருடத்தில். நான் ஒன்றும் வாங்கவில்லை. குதிரைப் படத்தைப் பற்றிய வரியை ஒன்றிலும் சேர்க்கவில்லை. உத்தியோகபூர்வக் கடிதத்தில் அப்படிப்பட்டவை பொருந்தாது. வரும்போதெல்லாம் கும்பிடுவாள். கடைசி மனுவில் கைநாட்டு வைக்கும்போது, "எம்புள்ளைக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க" என்றாள். இவர்களுக்கு நன்றி சொல்லத் தெரிந்த அளவுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. போன ஆவணியில் செத்துப்போனாள் என்று உங்கள் கடிதத்தில் பார்த்தேன். அதனால்தான் உங்களை வரச் சொன்னேன். இனி மனு எழுதிக் கேட்க ஆள் இல்லை.

ஏன் செய்தேன் என்கிறீர்கள். 'குதிரை' எழுதத் தெரியாத ஒருவன் என்னைப் போன்ற ஒருவனைக் காப்பாற்றப் பிறக்கவில்லை. இருமுறை காப்பாற்றினான், இருமுறையும் நான் கேட்கவில்லை. ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதை அவன் குழப்பினான். நான் திருத்தினேன். நான் சொன்ன ஒரு வாக்கியத்தால் அவன் செத்தான், அதை மறுக்கவில்லை. தேவையென்றால் கையொப்பம் வைக்கிறேன்.

நீங்கள் காட்டும் இந்த மொழிபெயர்ப்புப் பிரதியில் மற்றப் பத்திரங்களில் இல்லாதபடி என் கையொப்பம் கோணிக் கிடக்கிறதுதான். முதல் எழுத்தே இரண்டாக விழுந்திருக்கிறது. மாசி மாதக் கண்டி உங்களுக்குத் தெரியாது, பிள்ளை. அந்த அறையில் மின்விசிறியும் முழு வேகத்தில் சுற்றியது. அது குளிர். குளிர் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.