கன்றைத் திருடினீர்கள், சாம்பலை ஏன் விட்டீர்கள்?

நாற்காலி நிறைய வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் லுட்டாயா அவர்களே! பத்திரத்தோடு வந்திருக்கும் தைலமரக் கம்பெனிக் கனவானே! பெரியோர்களே! பாய் விரித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! குடிக்க வரும்போது கும்பிட்டு, குடித்தபின் மறந்துபோகும் என் தோழர்களே! தோணிபோல் குடைந்த மரத்தொட்டியில் வாழைப்பழம் மிதித்துக் கள் வடிக்கும் கிழவன் கிகுண்டுவின் வணக்கம்.

எழுத்தறியாதவன் நான். மறதியும் அறியாதவன்.

இந்தச் சரிவில் வாடல் நோயாம். ஆகவே கள்ளுக்கான கயிஞ்சா வாழை அத்தனையும் வெட்டித் தைலமரம் நடவேண்டுமாம். பதினேழு வீட்டுக் கைநாட்டும் விழுந்தால்தான் பத்திரம் செல்லுமாம். பதினாறு விழுந்தாயிற்று. விதவை புக்கிர்வாவின் தோட்டம் கொழுந்தன் முட்யாபா பெயரில் இருப்பதால், அவளைக் கேளாமலே அவனும் விரலைப் பதித்துவிட்டான். நான்கு பிள்ளைகளின் வயிறு ஐயா, அந்தத் தோட்டம்!

கேட்கிறேன்: வாழை வாடியதா, நாம் வாட்டினோமா?

தார் தாராக என் முற்றத்துக்குச் சுமந்தீர்கள். கள்குடத்தோடு திரும்பினீர்கள். தோலை? என்னிடமே விட்டீர்கள், முப்பத்தோராண்டு! எரித்து, அந்தச் சாம்பலை என் வாழைக்கே கொட்டினேன். அறிவால் அல்ல, சோம்பலால்! உங்கள் மண்ணின் சாம்பல் சத்தெல்லாம் என் மண்ணுக்கு வந்தது. உங்கள் வாழை மஞ்சளித்து மடங்கியது. என் வாழை மார்நிமிர்த்தி நின்றது.

அறிவாளிகள் என்ன செய்தீர்கள்? "கெழவன் கன்னுல மருந்து வச்சிருக்கான்டா" என்று, நான் சந்தைக்குப் போன நாள் பார்த்துக் கன்றுகளைத் திருடினீர்கள்! யார் சிரிப்பது? முட்யாபாவா? பெருமழை ஆண்டு நீ தூக்கியது ஒன்பது கன்று. மேடையைப் பார்க்காதே அப்பா, தலைவர் ஐந்துதான்! பட்டினி மண்ணில் அவையும் வாடின.

புக்கிர்வா மட்டும் வாசல் வழியே வந்தாள்.

"பெரியவரே, அந்தச் சாம்பலக் குடுங்க. எங்க பழத்தோட சாம்பல்தானே?"

"எடுத்துக்கம்மா. ஊரு சிரிக்குமே?"

"சிரிச்சா பல்லுதானே தெரியும்? தெரியட்டும்."

சிரித்தார்கள். "அடுப்பையும் பேத்து எடுத்துட்டுப் போங்க அண்ணி" என்றான் இந்த முட்யாபா.

மூன்று மழைக்காலம் போயிற்று. அவளுடைய முப்பது வாழையில் நான்கு வாடின, தோண்டி எரித்தாள். இருபத்தாறு தார் தள்ளி நிற்கின்றன. வேலிக்கு இந்தப் பக்கம் முட்யாபாவுக்கு? ஒன்றுமில்லை!

சாம்பல் நோயைக் கொல்லும் என்று புளுகமாட்டேன். நோய் மண்ணில் இருக்கும். வயிறு நிறைந்தவன் காய்ச்சலைத் தாங்குகிறான். பட்டினி கிடந்தவன் படுத்துவிடுகிறான். அவ்வளவுதான். கடையில் விற்கும் பொட்டாஷ் மூட்டையும் இந்தச் சத்துதான் என்கிறார் வேளாண்மை அதிகாரி. முடிந்தவர் வாங்கிப் போடுங்கள். முடியாதவர் வீட்டில் அடுப்புமா இல்லை?

என்ன அங்கே? "தைலமரத்துக்கு இந்த நோய் வராதே பெரியவரே" என்கிறாயா? வராது தம்பி. தாரும் வராது!

கனவானே, பதினேழாவது பெருவிரல் என்னுடையது. இதோ பாருங்கள், சாம்பல் அப்பியிருக்கிறது. இதில் உங்கள் மை ஒட்டாது! தலைவரே, மைப்பெட்டியை மூடுங்கள். புக்கிர்வா, எழுந்து வீட்டுக்குப் போ அம்மா, உன் வாழைக்கு முட்டுக்கொடுக்கிற வேலை கிடக்கிறது.

மற்றவர்கள் நாளை என் முற்றத்துக்குக் கூடையோடு வாருங்கள். இவ்வளவு திட்டும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, அந்தப் பொறுமைக்கு நன்றி. வணக்கம்!