மூன்றாவது கையெழுத்து

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி பரவாயில்லை சார். எங்கள் அலுவலக நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு போய்விடும்.

நிதானமாகவே சொல்கிறேன். ஊரின் இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளும் நோயாளி விவரங்களைத் தனித்தனி பிளாக்செயினில், அதாவது யாரும் திருத்த முடியாத கணினிப் பதிவேட்டில், வைத்திருக்கின்றன. ஒன்றில் இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. நடுவில் தகவலைக் கடத்தும் பாலம் என் அண்ணன் கட்டியது. பென்டிரைவ் மாதிரி ஐந்து சாவி, ஐந்து ஆட்கள். மூன்று பேர் தங்கள் சாவியைச் செருகிக் கையெழுத்திட்டால்தான் தகவல் தாண்டும். "தனி ஒருவரை நம்பவேண்டிய காலம் முடிந்தது" என்று அண்ணன் மேடைதோறும் முழங்குவார். கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

அந்த ஐந்தில் மூன்று சாவி என் மேசை டிராயரில் கிடந்தன. "டேய் சாவிக்கொத்து, நீயே வெச்சுக்கடா. எவன் வந்து பாக்கப்போறான்?" என்றார் அண்ணன். அந்தப் பட்டப்பெயரைச் சொல்லி விருந்தாளிகளிடமும் சிரிப்பார். எனக்கு அதில் வருத்தமே கிடையாது.

அன்று மதியம் அண்ணன் மாடிப்படியில் விழுந்து, நினைவில்லாமல் இரண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு ஊசிமருந்து அவருக்கு ஆகவே ஆகாது. அந்த விவரம் இருந்தது முதல் ஆஸ்பத்திரியில். அதை அனுப்பச் சொல்லும் கோரிக்கை என் திரைக்கு வந்தது. மற்ற இரண்டு சாவிக்காரர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். இன்னும் ஒன்று போதும்.

அண்ணி போன் செய்தார். "தம்பி, அந்த ஊசி ஆகாதுன்னு டாக்டர்கிட்ட நானே சொல்லிடட்டுமா?"

"எதுக்கு அண்ணி? விவரமெல்லாம் டாக்டருக்குப் போயிடுச்சு. அண்ணன் கட்டின பாலத்தை அண்ணன் பொண்டாட்டியே நம்பலைன்னா வெளியில சிரிக்க மாட்டாங்களா?"

"அதுவும் சரிதான்," என்று வைத்துவிட்டார்.

தகவல் வராவிட்டால் டாக்டரின் திரையில் ஆகாத மருந்துக்கான கட்டம் காலியாக இருக்கவேண்டும். காலிக் கட்டம் மேடையில் காட்ட அசிங்கமாக இருக்கிறது என்று, 'ஆகாத மருந்து: இல்லை' என வரும்படி மாற்றச் சொன்னவர் அண்ணன். மாற்றியவன் நான். டாக்டர் அதைப் படித்திருக்கிறார். அவர்மேல் தப்பில்லை.

நாலு பத்துக்கு ஊசி போட்டார்கள். நாலரைக்கு அண்ணன் உயிர் போய்விட்டது. நாலு முப்பத்தைந்துக்கு நான் கையெழுத்திட்டேன். நொடியில் போய்ச் சேர்ந்தது, ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

பாலம் வேலை செய்யவில்லை என்று நாளைக்கு யாரும் அண்ணனைக் குறை சொல்லிவிடக் கூடாது, பாருங்கள்.